தூக்கத்துக்கு லாவண்டர் எண்ணெய் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"100 சதவீதம் சுத்தம், தூக்கத்துக்குச் சோதித்தது" என்று லேபிள் ஒட்டி ஆன்லைனில் விற்றதை நாங்கள் வாங்கினோம், அந்த 10 மி.லி. லாவண்டர் எண்ணெயில் கலப்படம். சீல் உடைத்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இதே சரக்கு பல பெயர்களில் வரக்கூடும் என்பதால் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறோம்.

வெள்ளை வடிதாளில் அந்த எண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். நல்ல லாவண்டர் கறையில்லாமல் ஆவியாகிவிடும். இந்தச் சொட்டு தேங்காய் எண்ணெய் போலவே பிசுக்காக நின்றது. அடுத்து, 4 பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் 1 பங்கு எண்ணெய். தெளிவாகக் கரைய வேண்டியது பால்போலக் கலங்கியது. ஏதோ கொழுப்பு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். ஆல்கஹால் கலந்திருந்தால் இந்த இரண்டிலும் தப்பிவிடும். அளவுக்குழாயில் 5 மி.லி. எண்ணெயும் 5 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி நிற்கவிட்டால், எண்ணெய் குறைந்து தண்ணீர் மட்டம் ஏறுவதில் தெரியும்.

வீட்டுச் சோதனையில் சிக்காதவைதான் மோசம். லாவண்டின் என்கிற கலப்பினச் செடியின் எண்ணெய் மலிவு, மணமும் கிட்டத்தட்ட அதே. ஆனால் நல்ல லாவண்டரில் கற்பூரம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள். லாவண்டினில் அதைப்போலப் பல மடங்கு. கற்பூரம் அமைதிப்படுத்தும் பொருள் அல்ல. குழந்தைகள் வாயில் போனால் வலிப்பே வரும். லாவண்டர் மணத்தின் முக்கியப் பொருளான லினலூலைச் செயற்கையாகச் செய்து சேர்த்ததையும், எண்ணெயில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். என்ற ஆய்வகச் சோதனைதான் பிடிக்கும், செயற்கைத் தயாரிப்பில் மிஞ்சும் டீஹைட்ரோலினலூல் என்ற பெயர் அறிக்கையில் தென்பட்டால் சந்தேகப்படுங்கள்.

வற்புறுத்திக் கேட்டபின் விற்றவர்கள் அனுப்பிய ஜி.சி.-எம்.எஸ். அறிக்கையில் பேட்ச் எண் பாட்டிலோடு ஒத்துப்போகவில்லை. கற்பூரம் 7 சதவீதத்துக்கு மேல்! அவர்கள் காகிதமே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

"தூக்கத்துக்குச் சோதித்தது" என்பதற்கு ஆதாரமாக இரண்டு தாள் வந்தன. ஒன்று எலிச் சோதனை: எண்ணெய் கொடுத்து, பிறகு பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை ஊசியில் போட்டு, எவ்வளவு நேரம் தூங்கின என்று அளப்பது. மயக்க மருந்தின் தூக்கம் நீண்டதை வைத்து, படுக்கையறையில் முகர்ந்தால் உறக்கம் வரும் என்று சொல்ல முடியாது. மற்றது ஜெர்மனியில் பதற்றத்துக்காக ஆராய்ந்த 80 மி.கி. லாவண்டர் எண்ணெய் மாத்திரை பற்றியது. தரப்படுத்திய விழுங்கும் மாத்திரையின் முடிவை டிஃப்யூசரில் (மணம் பரப்பும் கருவி) ஊற்றும் எண்ணெயில் ஒட்டியிருக்கிறார்கள். இதைப் பார்த்து யாராவது சொட்டுவிட்டுக் குடித்தால் என்ன ஆவது? தயவுசெய்து குடிக்காதீர்கள். முகரவைத்துச் செய்யும் ஆய்விலும் ஒரு சிக்கல் உண்டு: எது லாவண்டர் என்பதை மூக்கு சொல்லிவிடும், எதிர்பார்ப்பிலேயே பாதிப் பேர் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லலாம். ஒப்பீட்டுக்கு வேறு நறுமணம் வைத்தார்களா, தூக்கத்தைக் கருவியால் அளந்தார்களா என்று கேளுங்கள்.

பணம் கட்டுமுன் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர், பேட்ச் எண், வடித்த தேதி, அதே பேட்சின் ஜி.சி.-எம்.எஸ். அறிக்கை நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பார்சல் வந்ததும் சீலோடு, பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, அறிக்கையோடு ஒப்பிட்டபின் திறவுங்கள். ஒத்துவராவிட்டால் சீல் உடைக்காமல் திருப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.