அழைப்பிதழ் அச்சகத்தில் டெபியன்: எந்த ஸ்கிரைபஸை நம்புவது?

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களே முதன்மையான வேலை. 2019-இல் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து கணினிகளில் டெபியனையே வைத்திருக்கிறோம். அந்த வெளியீட்டில் கிடைத்த ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.4 வரிசைக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாது. ‘மெய்யப்பன்’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோயில் பிரிவு, விலாசம், இரு வீட்டாரின் பெயர்கள் என்று நிறைந்திருக்கும் நகரத்தார் அழைப்பிதழை அதில் கோத்துப் புரூஃப் காட்டவே முடியாது.

ஸ்கிரைபஸை எழுதும் மூல நிரலாளர்களோ 1.5 வரிசையில், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் நூலகத்தைச் சேர்த்து இந்தக் குறையை அதற்கு முன்பே தீர்த்திருந்தார்கள். ஆனால், அது இன்னும் வளர்ச்சியில் உள்ள வரிசை என்று அவர்களே அறிவித்திருந்ததாலும், அதில் சேமித்த கோப்பு 1.4-இல் திறக்காது என்பதாலும், டெபியன் பழையதிலேயே நின்றதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலத்தார் தந்த ஆப்இமேஜை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கி வேலையை ஓட்டினோம்.

டெபியன் 11-இல் 1.5 வரிசையே டெபியன் தானே கட்டித் தரும் பேக்கேஜாக வந்துவிட்டது. அதன் பதிப்பு எண்ணின் வாலில் ‘டிஎஃப்எஸ்ஜி’ என்று ஒட்டியிருக்கும். டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிக்கு ஒவ்வாத கோப்புகளை நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சொல்லிவிட்டு நீக்குவதில் எனக்கு வருத்தமில்லை. பதிப்பு மாறினால் வரி முறிவுகளும் மாறக்கூடும் என்பதால், வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே எதுவும் தானாக மாறாது என்ற டெபியனின் பிடிவாதம் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

கடவுச்சொற்களைக் காக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருள் விஷயத்தில்தான் நான் மூலத்தார் பக்கம். 2024-இல் டெபியனின் வளர்ச்சிக் கிளையில், அந்தப் பேக்கேஜைப் பராமரிக்கும் டெபியன்காரர் பாதுகாப்பைக் காரணம் காட்டி, உலாவி இணைப்பு உள்ளிட்ட வசதிகளை அணைத்துவிட்டு, முழு வடிவத்தை வேறொரு பேக்கேஜாகப் பிரித்தார். காரணம் வெறுமையானதன்று, ஆனால் பழைய பெயரிலேயே குறைந்த சரக்கு வந்தால், உலாவி நீட்சி வேலை செய்யவில்லை என்ற புகார் மூலத்தாரிடம்தானே போகும்? வணிகச் சின்னத் தகராறில் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸை ‘ஐஸ்வீசல்’ ஆக்கி, 2016-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பிய அதே டெபியன், தான் திருத்தியது இன்னதென்று அப்போது பெயரிலேயே காட்டியிருந்தது.

இப்போது டெபியன் 13-இல், அதன் பேக்கேஜாக வந்த ஸ்கிரைபஸ் 1.6-லேயே பிளேட்டுக்குப் போகும் பிடிஎஃப் தயாராகிறது. ஆப்இமேஜ் ஒன்றும் அருகில் இருக்கிறது. பிழை தெரிந்தால் கோப்பின் நகலை அதிலும் திறந்து பார்ப்போம்: அங்கும் இருந்தால் புகார் மூலத்தாருக்கு, இல்லாவிட்டால் டெபியனுக்கு.