மூன்று ஆக்‌ஷனா, போனஸ் ஆக்‌ஷனா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பை (2014 விதிகள்) இரண்டு வருடம் நடத்திவிட்டு, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு (2019) மாறிவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை, அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சண்டையில் யார் முதலில் என்று இனிஷியேட்டிவ் உருட்டுவது, இருபது முகப் பகடை (டி20) போட்டு எதிரியின் தற்காப்பு எண்ணை (ஏசி) எட்டுவது எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டி அண்ட் டியில் உங்கள் டர்னுக்கு (முறைக்கு) நகர்வு (பெரும்பாலும் 30 அடி), ஒரு ஆக்‌ஷன், வாய்த்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன். பாத்ஃபைண்டரில் மூன்று ஆக்‌ஷன், அவ்வளவுதான். நடந்தால் ஒன்று, வெட்டினால் ஒன்று, பெரும்பாலான மந்திரங்களுக்கு இரண்டு. ரியாக்‌ஷன் (பிறர் டர்னிலும் பதிலுக்குச் செய்வது) ஒன்று இரண்டிலும் உண்டு.

போனஸ் ஆக்‌ஷன் என்று கேட்டதும் புதிதாக வருகிறவர் "அப்போ இன்னொரு வெட்டு போடலாமா?" என்பார். கூடாது, ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ தனி விதியோ கொடுத்தால்தான் அது உண்டு என்று வாராவாரம் சொல்லி அலுத்துவிட்டது.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் அதுவல்ல, மூன்றாவது ஆக்‌ஷன். பாத்ஃபைண்டரில் ஒரே டர்னில் இரண்டாவது வெட்டுக்குப் பகடைக் கணக்கில் -5, மூன்றாவதுக்கு -10 என்பதால் (லேசான ஆயுதங்கள் சிலவற்றுக்குக் கொஞ்சம் குறைவு) மூன்று முறை வெட்டுவது பெரும்பாலும் வீண். அப்போது கை வேறெதையாவது தேடும். எங்கள் ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்) டி அண்ட் டியில் எதிரி முன்னால் போய் நின்றால் சண்டை முடியும்வரை அங்கேயேதான் நிற்பார், எட்டும் தூரத்தைவிட்டு விலகினால் எந்த எதிரியும் ரியாக்‌ஷனில் ஒரு அடி போடலாமே. பாத்ஃபைண்டரில் அந்த அடி எல்லோருக்கும் கிடையாது. ஒருமுறை கரடியை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, இன்னொரு ஆக்‌ஷனில் பின்வாங்கி, கடைசி ஆக்‌ஷனில் கேடயத்தை உயர்த்தினார் (ஏசி +2). கரடி அவரிடம் வந்து சேரவே ஒரு ஆக்‌ஷன் போய்விட்டது, மிச்சம் இரண்டுதான். தன் ஆக்‌ஷனைக் கொடுத்து எதிரியின் ஆக்‌ஷனைப் பிடுங்கலாம் என்று புரிந்த அன்றிலிருந்து மேசையில் யாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. டி அண்ட் டியில் கரடிக்கு நகர்வு தனிக்கணக்கு, பின்வாங்கியதால் அதன் தாக்குதல் குறையாது.

கடுப்பும் உண்டு. பாத்ஃபைண்டரில் மருந்தைக் கையில் எடுக்க ஒன்று, குடிக்க ஒன்று, விழுந்திருந்தால் எழ ஒன்று, டர்ன் காலி! டி அண்ட் டியில் எழுவதற்குப் பாதி நகர்வு போதும், நடந்து, அடித்து, மிச்ச தூரத்தை மறுபடி நடக்கலாம். வாரக்கடைசியில் இரண்டு மணி நேரம் மட்டும் ஆடும் புதியவர்களுக்கு டி அண்ட் டியையே சொல்வேன்.

ஏழாம் லெவலுக்கு மேல் பாத்ஃபைண்டரை நான் நடத்தியதில்லை, அங்கே இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று ஆடியவர்கள்தான் சொல்ல வேண்டும். டி அண்ட் டியின் 2024 விதிகளில் மருந்து குடிப்பது போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது, அதையும் இன்னும் மேசையில் பார்க்கவில்லை.