வீகோவுக்கு எந்த வருடத்துச் சாமான் சேரும்?

என்னிடம் இருப்பது 2007-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ. 2.5 டீசல், ஃபோர் வீல், மேனுவல் கியர். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு உர மூட்டை, புல் வெட்டும் மெஷின், வேலை ஆட்கள், சில நாள் உதிரிச் செம்பனை என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போவதுதான் அதன் பிழைப்பு. தார் ரோட்டைவிடச் செம்மண் ரோட்டில்தான் அதிகம் ஓடியிருக்கும். இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமே என்று வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். 2024 ஜூனில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபோதும் வந்தது. புது வண்டியின் மாதத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிடும். பழைய வண்டிக்குச் சாமான் தேடி அலைவது அதைவிட மலிவு.

தேடுவதில்தான் சூட்சுமம். ஈப்போவில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் தவுக்கே (முதலாளி) கேட்கிற முதல் கேள்வி, "என்ன வருசம்?" இத்தனை காலம் இந்த வண்டியை ஓட்டிய பிறகு சொல்கிறேன், வருடத்தை மட்டும் வைத்துச் சாமான் வாங்கினால் பாதி நேரம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வரும். வீகோ 2004-இல் தாய்லாந்தில் அறிமுகமாகி, 2005-இல் நம் மலேசியாவுக்கு வந்து, 2015 வரை ஓடிய தலைமுறை. இடையில் 2008-இல் முகத்தைக் கொஞ்சம் திருத்தினார்கள், 2011-இல் முழுசாக மாற்றினார்கள். ஆனால் முகம் மாறிய அன்றே பிரேக்கும் எஞ்சினும் மாறிவிடவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் எல்லைக்கோடு வெவ்வேறு இடத்தில் விழுகிறது. பாடிக்கு ஒரு கோடு, எஞ்சினுக்கு வேறு கோடு. சில சாமான்களுக்குக் கோடே கிடையாது.

கோடே இல்லாததில் தொடங்குவோம், அதுதான் மனதுக்குத் தெம்பு. ஏர் ஃபில்டர் 17801-0சி010. என் வண்டிக்கும் அதுதான், தம்பியின் 2012 வண்டிக்கும் அதுதான். டீசல் ஃபில்டரும் அப்படித்தான். 23390-0எல்010 என்று பழைய எண்ணைக் கேட்டால் 23390-0எல்041 எடுத்துத் தருவார்கள், பயப்பட வேண்டாம். பழைய எண்ணை நிறுத்திவிட்டு அதே இடத்துக்குப் புது எண் கொடுப்பது டொயோட்டாவின் வழக்கம். 2019-இலிருந்து நம் பம்ப்புகளில் வருவது பத்து விழுக்காடு பாமாயில் கலந்த பி10 டீசல் என்பதால் இந்த ஃபில்டரை நான் புத்தகம் சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுவேன். நாமே ஏற்றி மில்லில் இறக்கிய குலை, நம் டாங்கிக்கே திரும்பி வருகிறது என்று தம்பி கிண்டலடிப்பான்.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது. டொயோட்டா சாமான் எண்ணுக்குப் பத்து இடம், நடுவில் ஒரு கோடு. முதல் ஐந்து இடம் அது என்ன சாமான் என்று சொல்லும். 04465 முன் பிரேக் பேட், 04495 பின் பிரேக் ஷூ, 48510 முன் அப்சோர்பர், 17201 டர்போ, 81110 வலது பக்க ஹெட்லேம்ப். பின் ஐந்து இடம் எந்த வண்டிக்கு, எந்த வகை என்று பிரிக்கும். அதில் 0கே, 0எல் என்று தொடங்கினால் பெரும்பாலும் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இன்னோவா குடும்பம். முன் ஐந்து ஒத்துப்போனதைப் பார்த்து "அதேதான்" என்று கடைப்பையன் பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். உதாரணத்துக்கு 17201-30120 என்பது 2.5-க்கான சாதாரண டர்போ. 17201-0எல்040 என்பது 3.0-க்கான, உள்ளே அசையும் இறக்கை வைத்த விஎன்டி டர்போ. இரண்டும் டர்போதான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

இனி பாடி. 2011-இன் நடுவில்தான் வீகோ சாம்ப் என்ற புது முகம் தாய்லாந்தில் வந்தது. எனவே "2011 மாடல்" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை, பழைய முகமாகவும் இருக்கலாம், புது முகமாகவும் இருக்கலாம். மச்சான் வண்டி தோட்டத்து ரோட்டில் மாட்டின் மீது மோதியபோது இதுதான் நடந்தது. கிரானில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) 2011 என்று போட்டிருக்கிறது, ஆன்லைனில் "ஹைலக்ஸ் 2011" பம்பர் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வந்து இறங்கியதும் பார்த்தால் ஹெட்லேம்ப் மூலை எதுவும் ஒட்டவில்லை. விற்றவரும் பொய் சொல்லவில்லை, அதுவும் 2011-தான். நம் போர்மேன் (மெக்கானிக்) சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, வருசத்த வுடுங்க. மூஞ்சிய போட்டோ புடிச்சு அனுப்புங்க, அதுதான் வருசம்." கிரானில் வண்டி பதிவான தேதியும் தயாரித்த ஆண்டும் தனித்தனியாக இருக்கும். ஜனவரியில் பதிவான வண்டி முந்தைய ஆண்டு செய்ததாக இருப்பது சகஜம். அதைப் பார்க்காமல் பதிவுத் தேதியைக் கடையில் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

பழைய வீகோவுக்குச் சாம்ப் முகம் மாட்டுவது நம் பக்கம் ஒரு மோகமாகவே இருந்தது. முடியும், ஆனால் பொனட், இரண்டு ஃபெண்டர், ஹெட்லேம்ப், கிரில், பம்பர் எல்லாம் ஒரு செட்டாக வாங்கவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இடைவெளி பல்லிளிக்கும். கேபின் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றேதான். அதனால் கதவு, முன் கண்ணாடி எல்லாம் எந்த வருடத்து வீகோவிலிருந்தும் எடுக்கலாம். என் டிரைவர் பக்கக் கதவு ஒரு புது முக வண்டியிலிருந்து கழற்றியதுதான், நிறம் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. டேஷ்போர்டு அப்படியல்ல, 2011-இல் அதுவும் மாறிவிட்டது. சைடு கண்ணாடி வாங்கும்போது ஒயர் சாக்கெட்டையும் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலிருக்கும்.

எஞ்சின்தான் ரொம்பக் குழப்பம். 2.5-க்கு 2கேடி, 3.0-க்கு 1கேடி. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் டைமிங் பெல்ட்தான். ஆனால் 2கேடியே மூன்று விதமாக வந்தது. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாத 102 குதிரைச் சக்தி, இன்டர்கூலர் வைத்த 120, கடைசியாக விஎன்டி டர்போவோடு 144. இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும், அதனால்தான் அந்த வண்டிகளின் பொனட்டில் மூக்கு மாதிரி ஒரு காற்று வாய். மூக்கு வைத்த பொனட்டை மாட்டிக்கொண்டு கீழே இன்டர்கூலர் இல்லாமல் ஓடுகிற வண்டிகளும் நம் ஊரில் உண்டு, அழகுக்குத்தான் என்றால் சரி. விஎன்டி டர்போவைப் பழைய எஞ்சினில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அதன் இறக்கைகளை இசியு கணினி ஆட்டிவைக்கிறது, பழைய இசியுவுக்கு அது தெரியாது.

இன்ஜெக்டரும் அப்படித்தான். டென்சோ பெயர், அதே நீளம், அதே தலை என்று எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். எண் வேறென்றால் தொடாதீர்கள். எண் ஒன்றாகவே இருந்தாலும், தலையில் குறியீடு அச்சடித்த வகையாக இருந்தால் அந்தக் குறியீட்டை ஸ்கேன் கருவியால் இசியுவில் ஏற்றவேண்டும். ஏற்றாமல் விட்டால் ஐடிலில் தடதடவென்று ஆடும். டீசல் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற எஸ்சிவி வால்வு மட்டும் கொஞ்சம் கருணை காட்டும். 04226-0எல்010 என்று கேட்டால் 2.5-க்கும் 3.0-க்கும் அதையே கொடுப்பார்கள். ஐடில் ஏறி இறங்கினால் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள் என்று போர்மேன் சொன்னது எனக்கு நிறைய காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஹாஃப் கட் (வெட்டி இறக்குமதி செய்த பாதி வண்டி) கடையில் கிடைக்குமே என்பார்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் ஹாஃப் கட் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருவது, ஆனால் ஜப்பானில் வீகோ விற்கவே இல்லை. 2004-இல் அங்கே ஹைலக்ஸை நிறுத்தியவர்கள், 2017-இல்தான் அடுத்த தலைமுறையோடு திரும்ப வந்தார்கள். ஆகவே ஜப்பான் ஹாஃப் கட்டில் வீகோ முன்பாதி என்று யாராவது விளம்பரம் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எஞ்சின் வேறு கதை. 1கேடி ஜப்பானில் பிராடோவிலும் ஹையேஸ் வேனிலும் ஓடியது, 2கேடியும் ஹையேஸில் இருந்தது. உள்ளே இருக்கும் சாமான்களுக்கு அவை உதவும். வெளியே இருப்பவை, அதாவது சம்ப் (ஆயில் தொட்டி), மவுண்டிங், குழாய்கள் அப்படியே சேராது, ஏனென்றால் ஹையேஸில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வீகோவுக்கு நல்ல இரண்டாம் கை என்றால் இங்கேயே அடிபட்டு ஒதுக்கிய வண்டிகள், இல்லையென்றால் தாய்லாந்து. அங்கும் வலது பக்க ஸ்டியரிங் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் தாய்லாந்தில் ஓடும் வீகோவில் தாழ்வான டூ வீல் வகையும் ஏராளம். அதன் ரிம்முக்கு ஐந்து நட்டு, முன் கால் (முன் சஸ்பென்ஷன்) முழுக்க வேறு. ஹாட்யாயிலிருந்து "வீகோ டிஸ்க்" என்று வந்தால் முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள், அப்புறம் விட்டத்தை அளங்கள்.

முன் கால் விஷயத்தில் நமக்குப் பெரிய துணை பழைய ஃபார்ச்சூனர். 2005-லிருந்து வந்த அந்தத் தலைமுறைக்கும் ஃபோர் வீல் வீகோவுக்கும் முன் சஸ்பென்ஷன் ஒரே அடிச்சட்டத்தில் செய்தது. லோவர் போல் ஜாய்ண்ட், டை ராட் எண்ட் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகவே விற்கிறார்கள். பின்னால் மட்டும் கையை வைக்காதீர்கள், ஃபார்ச்சூனருக்குக் காயில் ஸ்பிரிங், நமக்குப் பட்டை ஸ்பிரிங். இன்னோவாவும் ஒரே குடும்பம்தான், ஆனால் அது ஐந்து நட்டு வண்டி, முன் காலுக்கு அதை நம்ப முடியாது. இன்னொன்று, போல் ஜாய்ண்ட், டை ராட் மாதிரி ஸ்டியரிங் சாமான்களை நான் இரண்டாம் கையில் வாங்குவதே இல்லை. 555 மாதிரி நல்ல ஜப்பான் பிராண்டு புதுசாகவே கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும்போது, உர மூட்டையோடு மேட்டில் இறங்கும் வண்டிக்கு எவனோ தேய்த்த சாமான் எதற்கு?

ரிம் பற்றிக் கேட்காத ஆளில்லை. வீகோ, அதற்குப் பிறகு வந்த ரேவோ, ஃபோர்ட் ரேஞ்சர், ட்ரைட்டன், டி-மேக்ஸ் எல்லாவற்றுக்கும் ஆறு நட்டு, நட்டு வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, மாட்டிக்கலாம்" என்பார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் ரேஞ்சர் ரிம் நான்கை வாங்கி வந்து என் வண்டியில் போட்டுப் பார்த்தார். ஸ்டட் ஆறும் ஓட்டைக்குள் அழகாக நுழைந்தது, ஆனால் ரிம் ஹப்பில் போய் உட்காரவில்லை, வெளியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. நடு ஓட்டையைப் பார்க்காததுதான் காரணம். ஹைலக்ஸ் ஹப் 106.1 மில்லிமீட்டர், ரேஞ்சர் ரிம்மின் நடு ஓட்டை 93.1 தான். ட்ரைட்டனுடையது 67.1, கேட்கவே வேண்டாம். அவர் நட்டை முறுக்கி உள்ளே இழுத்துவிடலாம் என்றார். நான் ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டேன். ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் போடுவதென்றால் போகும், நடுவில் இடைவெளிக்கு ஹப் ரிங் வாங்கவேண்டும். ரேவோ ரிம் வீகோவுக்கு நேராகச் சேரும், ரேவோவிலிருந்து நமக்கு உருப்படியாகக் கிடைப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான். 2016-இல் இங்கே வந்த அந்த வண்டியின் 2.4, 2.8 எஞ்சின்கள் டைமிங் செயினுக்கு மாறிவிட்டன, சட்டமும் பாடியும் புதுசு.

முழு எஞ்சினையே மாற்றுகிற எண்ணம் இருந்தால் சாமான் சேருவதோடு வேலை முடியாது. எஞ்சின் எண் கிரானில் இருக்கிறது. புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டிச் சோதனை முடித்து, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் புது எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீது கேட்பார்கள். பெசி புரோக் (பழைய இரும்பு) கடையில் ரசீது இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால், அந்த மலிவு ரோட்டில் நிறுத்திச் சோதிக்கும் நாளில் தெரியும்.