குங்ஃபூ நிலைகள்: சில வருடப் பயிற்சிக்குப் பின்

குங்ஃபூ கிளாஸில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: குத்தையும் உதையையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் சில மாதங்கள் தொடையோடுதான் பேச்சுவார்த்தை.

நான் கற்பது வடசீன ஷாவ்லின் வகை. ஆரம்பப் பாடம் ஊ பூ ச்சுவான், அதாவது ஐந்து நிலைகளை, நிற்கும் விதங்களை, கோத்த ஒரு சின்ன வரிசை. பெயர்களில் வரும் 'பூ' என்பது நிலையைக் குறிக்கும் சீனச் சொல். கோங் பூவில் முன்கால் மடங்கும், பின்கால் நீண்டிருக்கும். ஷியே பூவில் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார வேண்டும். ஷூ பூவில் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின்காலில். முன்கால் நுனி தரையைத் தொட்டால் போதும்.

எல்லாருக்கும் தெரிந்தது மா பூ, குதிரை நிலை. பாதங்களுக்கு நடுவே சுமார் 3 பாத நீளம், விரல்கள் நேராக, தொடை தரைக்கு இணையாக. இதில் யார் அதிக நேரம் நிற்பது என்று எங்கள் கிளாஸிலும் போட்டி நடக்கும். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. களைத்ததும் முழங்கால் உள்ளே சரியும், இடுப்பு பின்னால் தள்ளும். அப்புறம் நிற்கிற ஒவ்வொரு நொடியும் தப்பான பழக்கத்தைத்தான் வளர்க்கிறது. கொஞ்சம் உயரமாகவே நில்லுங்கள். முழங்கால் மட்டும் பாத விரல் பார்க்கும் திசையை விட்டு நகரக் கூடாது.

உண்மையான பலன் எனக்குக் கிடைத்தது நிலை மாறும் இடத்தில்தான். மா பூவிலிருந்து கோங் பூவுக்குப் போகும்போது பின்கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, குத்து அதன் பின்னாலேயே வருகிறது. தோளால் குத்துவது அப்போதுதான் குறைந்தது. மாறும்போது தலை மேலே எழும்பவும் கூடாது. கண்ணாடி முன் மெதுவாகச் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஐந்தில் மிச்சமிருக்கும் பூ பூவில் ஒரு காலில் முழுதாகக் குந்தி, மறுகாலைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது பாதி வந்த மாதிரிதான். எங்கள் கிளாஸில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் காலேஜ் பையன்களைவிடச் சுலபமாக இறங்குவார். வீட்டில் இன்னும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடாம்.

குதிகால் தடித்த ஷூ வேண்டாம், பக்கவாட்டில் ஆடும். மெல்லிய கேன்வாஸ் ஷூ சரி, ஆனால் மொட்டைமாடி சிமென்ட் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஷியே பூவை மாஸ்டரிடம் சொல்லித் தள்ளி வையுங்கள்; மற்ற நான்கை உயரமாகச் செய்தாலே சட்டை நனைந்துவிடும்.