டிவிக்குப் பின்னால் 8 போர்ட் ஸ்விட்ச்: பெட்டி சரி, அடாப்டர்தான் தொல்லை

டிவி, பிஎஸ்5, ஆப்பிள் டிவி, நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) எல்லாவற்றுக்கும் லேன் கேபிள் வேண்டும், ஹாலுக்கு வருவதோ ஒரே கேபிள், அந்த ஒன்றைப் பல பொருளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டி எது வாங்கலாம் என்று நண்பர் கேட்டார். மெட்டல் கூடுள்ள சாதாரண 8 போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச் ஒன்றை வெகுநாளாக ஓட்டி, அதன் அடாப்டரை மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன்.

ஸ்விட்ச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செட்டிங் கிடையாது, ஃபேன் கிடையாது, எந்த போர்ட்டில் எதைச் செருகினாலும் வேலை செய்யும். ரௌட்டரிலிருந்து வரும் கேபிளுக்கு ஒன்று போனால் மிச்சம் 7. 5 போர்ட் வாங்கினால் கையில் நிற்பது 4 மட்டும். மேலே சொன்ன நாலு பொருளோடு அது நிறைந்துவிடும். மலிவாகக் கிடைக்கும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் பக்கமே போகாதீர்கள். அது ஒரு கேபிளின் 4 ஜோடிக் கம்பியை இரண்டு இரண்டாகப் பிரிப்பது. மறுமுனையிலும் இன்னொன்று போட்டு ரௌட்டரில் 2 போர்ட் கொடுக்க வேண்டும், வேகமும் 100 எம்பிபிஎஸ்தான்.

ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிகள் சிலவற்றில் 4 லேன் போர்ட் இருந்தாலும் ஒன்றுதான் கிகாபிட், மற்றவை 100. ஸ்விட்ச்சுக்குப் போகும் கேபிள் அந்த ஒன்றில்தான் இருக்க வேண்டும். கேபிளில் 8 கம்பியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் வரும்; முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியதில் (கிரிம்ப்) ஒன்று சரியாக உட்காரவில்லை என்றாலும் லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிள் வேண்டாம், முழுச் செம்பு கேட் 5இ போதும். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு ஸ்விட்ச்சைத் திட்டிப் பயனில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, எனவே கவலை இல்லை. நாஸிலிருந்து பெரிய 4கே ப்ளூரே ஃபைல் ஓட்டினால்தான் சில காட்சிகளில் 100 தாண்டித் திக்கும். அதற்கு கிகாபிட் போர்ட் உள்ள ஆப்பிள் டிவியே சரி.

இப்போது அடாப்டர். 9 வோல்ட், 0.6 ஆம்பியர் என்று போட்ட அந்தக் கறுப்புக் கட்டி ஸ்பைக் பஸ்டரில் பக்கத்து பாயின்ட்டையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். காற்றில்லாத டிவி யூனிட்டுக்குள் சூட்டில் கிடந்து உள்ளேயிருக்கும் கெபாசிட்டர் காய்கிறது. உடனே சாகாது, அதுதான் எரிச்சல். நடுநடுவே எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து எரியும், வயரில் இருக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் அறுபடும். பழி இன்டர்நெட் கம்பெனி மேல் விழும். அந்த நேரத்தில் போனில் வைஃபை தடையில்லாமல் ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரைத்தான்.

மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம்; 9 வோல்ட் 1 ஆம்பியர் தாராளம். நடுப்பின் ப்ளஸ்ஸா என்று ஸ்விட்ச்சின் அடியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டார் பெடலுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடுப்பின் மைனஸ். ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் பல ஸ்விட்ச்சுகளில் அப்படியே பொருந்தும், செருகினால் போர்டு போய்விடலாம். பழைய அடாப்டரை லேபிள் ஒட்டாமல் டிராயரில் போட்டு வைக்காதீர்கள்.

ஸ்விட்ச்சுக்கு முழு மார்க். ஆனாலும் இந்த மாடலை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு நல்ல பெட்டியோடு இப்படியொரு அடாப்டரைக் கட்டி விற்பதை மன்னிக்க முடியவில்லை. அடியில் 5 வோல்ட் என்று போட்ட மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் போனாலும் பழைய 5 வோல்ட் போன் சார்ஜரும் பின் அளவு பொருந்தும் ஒரு யுஎஸ்பி கேபிளும் போதும். அந்த கேபிளை டிவியின் யுஎஸ்பியில் மட்டும் செருக வேண்டாம்: டிவியை அணைத்ததும் பல மாடல்களில் அந்த மின்சாரம் நின்று, பிஎஸ்5 டவுன்லோடும் பாதியில் நிற்கும். மின்வெட்டுக்காக ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குவதானால் 12 வோல்ட்டோடு 5 வோல்ட் அவுட்புட்டும் உள்ளதாகப் பார்த்து, ஸ்விட்ச்சையும் அதிலேயே மாட்டிவிடுங்கள்.