பெரிய கூடமா, வேகமான மேடையா, நிஜ டிராக்கா?

ஒரு காரின் ஹேண்ட்லிங், அதாவது திருப்பும்போது அது நடந்துகொள்ளும் விதம், எப்படி என்று ஸ்டீயரிங்கைத் திருப்பிய முதல் கால் விநாடியிலேயே தேர்ந்த டெஸ்ட் டிரைவர் பாதி சொல்லிவிடுவார். வண்டியின் மூக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது, பின்பக்கம் கூடவே வருகிறதா, கையில் கனம் எப்படி ஏறுகிறது என்று மூன்றே கேள்விகள். ஆனால் ஓட்டும் உணர்வைக் கூடத்துக்குள்ளேயே போலியாகத் தரும் சிமுலேட்டர் என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது, ஓட்டுநரைச் சுமக்கும் மேடை எத்தனை மீட்டர் நகரும் என்பதைத்தான். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பெரிய கூடங்களுக்கு நல்ல உதாரணம், டொயோட்டா 2007-ல் ஹிகாஷி-ஃபுஜியில் கட்டியது. 7.1 மீட்டர் விட்டமுள்ள கூண்டுக்குள் நிஜக் கார் நிற்கும். அந்தக் கூண்டே 35 மீட்டர் நீளத்துக்கும் 20 மீட்டர் அகலத்துக்கும் ஓடும். சாலையில் ஒரு லேன் சுமார் 3.5 மீட்டர்தான். ஆக, லேன் மாறும்போது உடம்பு பக்கவாட்டில் போகும் தூரத்தைத் துளியும் குறைக்காமல் கொடுத்துவிடலாம். வேறு எந்த வகைச் சிமுலேட்டராலும் இது முடியாது.

நீண்ட வளைவு வந்தால் இந்தக் கூடமும் திணறும். 0.5 ஜி (புவியீர்ப்பில் பாதி) பக்கவாட்டு முடுக்கத்தை நிஜமாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் 35 மீட்டரும் நான்கு விநாடிக்குள் தீர்ந்துவிடும். நிற்கவும் இடம் வேண்டுமே! அதனால் மேடையை மெல்லச் சாய்த்து, புவியீர்ப்பையே வளைவின் இழுப்பு என்று உடம்பை நம்பவைக்கிறார்கள். 15 டிகிரி சாய்த்தால் கிடைப்பது 0.26 ஜி. விநாடிக்கு ஏறத்தாழ 3 டிகிரிக்கு மேல் வேகமாகச் சாய்த்தால் உள்காது கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கூடங்கள் பெரும்பாலும் காரைவிட ஓட்டுகிற ஆளைப் படிக்கத்தான் பயன்பட்டன. மெர்சிடிஸ் கார்களைச் செய்த டெய்ம்லர்-பென்ஸ் 1985-ல் பெர்லினில் திறந்த சிமுலேட்டரில், ஆபத்து நேரத்தில் பலரும் பிரேக்கைச் சட்டென்று மிதித்தாலும் போதுமான அழுத்தம் கொடுப்பதில்லை என்று தெரிந்தது. 1996-ல் மெர்சிடிஸ் கார்களில் வந்த, அந்த அழுத்தத்தைத் தானே கூட்டும் பிரேக் அசிஸ்ட்டுக்கு அது வழிவிட்டது. டொயோட்டாவும் தூக்கக் கலக்கம், கவனச் சிதறல் போன்றவற்றை ஆராயத்தான் கட்டியது.

ஹேண்ட்லிங்குக்கு என் ஓட்டு இரண்டாம் வகைக்கு: கொஞ்ச தூரமே நகரும், ஆனால் உடனே நகரும் மேடை. பிரிட்டனின் ஆன்சிபிள் மோஷன், டைனிஸ்மா நிறுவனங்கள் இரண்டும் இந்தப் பக்கம். ஃபெராரியின் ஃபார்முலா 1 அணியும் டைனிஸ்மாவிடம் வாங்கியது. கட்டளைக்கும் அசைவுக்கும் இடையிலான தாமதம் 3 முதல் 5 மில்லி விநாடி என்பது டைனிஸ்மா சொல்லும் கணக்கு. இது ஏன் முக்கியம்? திருப்பியதை இருக்கை தாமதமாகச் சொன்னால், திரும்பவில்லை போலிருக்கிறது என்று ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் திருப்புவார். பிறகு வண்டி அளவுக்கு மீறித் திரும்பும். அவர் எழுதும் குறிப்பில் பழி காருக்கு; தப்பு செய்ததோ மேடை.

நீண்டு குறுகும் ஆறு கால்கள்மேல் நிற்கும் பழைய வகை மேடையில் எந்தப் பக்கம் அசைந்தாலும் ஆறு கால்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஆன்சிபிள் அதை விட்டுவிட்டு அசைவுகளை அடுக்கடுக்காகப் பிரித்தது. ஒரு வேடிக்கை: 1950-களில் டன்லப் டயர் நிறுவனத்தில் எரிக் கோஃப் அந்த ஆறு கால் அமைப்பை உருவாக்கியதே டயர்களைச் சோதிப்பதற்காக!

மேடையே அசையாத மலிவான வகையை ஒதுக்க வேண்டாம். ஸ்டீயரிங்கில் கனத்தை உணர்த்தும் நல்ல மோட்டார் இருந்தால் பவர் ஸ்டீயரிங்கின் கனத்தை ஓரளவு செப்பனிடலாம். பின்சக்கரம் வழுக்குவது மட்டும் கண்ணுக்குத்தான் தெரியும், இடுப்புக்குத் தெரியாது. பலருக்குக் குமட்டும்.

நிஜ டிராக்கில், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை மாற்ற வண்டியைத் தூக்கி, ஸ்பேனர் எடுத்து, திரும்ப இறக்க வேண்டும். அதற்குள் தார் சூடேறியிருக்கும், டயர் தேய்ந்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேல் முந்தைய வண்டியின் உணர்வு ஓட்டுநரின் நினைவில் மங்கியிருக்கும். சிமுலேட்டரில் அது சில விநாடி வேலை. எந்த பார் மாட்டியிருக்கிறது என்று ஓட்டுநரிடம் சொல்லாமலே மாற்றலாம். தன் யோசனையைத் தானே பாராட்டிக்கொள்ளும் பழக்கம் இன்ஜினியர்களுக்கு உண்டு என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே நான் பணம் கொடுப்பேன்.

டிராக் இன்னும் ஜெயிப்பது டயரில். சிமுலேட்டரில் ஓடுவது டயரல்ல, டச்சுப் பொறியாளர் பசேக்காவின் மேஜிக் ஃபார்முலா போன்ற, டயரின் பிடியைக் கணக்கிடும் ஒரு சமன்பாடு. உலர்ந்த சமதளத்தில், பிடிமானம் மிச்சமிருக்கும்வரை நன்றாகவே பேசும். ஈரம், தேய்மானம், சூடு மூன்றும் சேர்ந்து பிடி விடும் இடத்தில் அதை நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

1997-ல் ஸ்வீடனில், குறுக்கே வரும் மூஸ் எனும் பெரிய மானைத் தவிர்ப்பது போன்ற சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிமுலேட்டர் வைத்திருந்த நிறுவனத்தின் கார் அது. விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நிலைப்படுத்தும் ஈஎஸ்பியை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்த்த பிறகுதான் மறுபடி விற்றார்கள்.

என்னிடம் பட்ஜெட்டைக் கொடுத்தால் முதலில் ஸ்டீயரிங் மோட்டாருக்கும் டயர் அளவீட்டுக்கும் ஒதுக்குவேன், அடுத்து வேகமான சின்ன மேடைக்கு. மீதியில் மழைக்காலத்தில் டிராக்கை வாடகைக்கு எடுப்பேன். 35 மீட்டர் கூடத்தை டொயோட்டாவே வைத்துக்கொள்ளட்டும்.