ஐந்தரை மணி நேர வாழ்வியல் மருத்துவப் பாடம்: எதற்குப் போதும்?

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் லைஃப்ஸ்டைல் மெடிசின் அமைப்பு 2022-இல் வாழ்வியல் மருத்துவம் (உணவு, தூக்கம், உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைக் கொண்டு நோயைக் கையாளும் துறை) பற்றி மருத்துவர்களுக்கு இலவசமாக அறிவித்த 5.5 மணி நேர இணையவழிப் பாடத்தில் கனமான பகுதி உணவுதான். மருத்துவப் படிப்பு அவசரமாகக் கடந்துபோகும் இடத்தில் இது நின்று பேசுகிறது. தூக்கம், உடற்பயிற்சிக்கெல்லாம் அறிமுகம் மட்டுமே. ‘நடங்க’ என்றால் நோயாளி நடக்கமாட்டார். வாரம் 5 நாள், 30 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகம் என்று சீட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதும் கைப்பழக்கம் காணொளியால் வராது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் அன்றே மருந்தின் அளவையும் பாருங்கள், தவறினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் திடீரெனக் கீரையைக் கூட்டினால் வைட்டமின் கே ஏறி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவீடு) இறங்கும், மருந்தின் பலன் குறையும். பாடத்தை முடிப்பது இந்தத் துறையில் நிபுணர் சான்றிதழ் தரும் வாரியத் தேர்வுக்கு ஈடல்ல. முதல் படியாக எடுக்கத் தயங்கவே வேண்டாம்.